அம்மாவும் அண்டாவும் இல்லாத படம்

எங்கள் தோட்டக் கோயில் கும்பாபிஷேகத்துக்குச் சிறப்பு மலர் அச்சடித்து, எங்கள் ஊர் சிடாம் கிரியில் வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். அன்னதான அண்டாவை அவர் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான், முன்னால் நிர்வாகக் குழு பொன்னாடையோடு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டது. பின்னால் தானும் படத்தில் விழுந்திருப்பதைக் கேமராவிலேயே பார்த்துவிட்டு வந்து, புக்கில் வரப்போகிறேன் என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

படத்தில் குழு இருந்தது. அம்மா இருந்த இடத்தில் வெறும் சுவர்.

"என்னைக் காணோமே" என்றார், ஏதோ தன் மேல்தான் தவறு என்பதுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மலரை வடிவமைத்த கடை மெர்கோங்கில் இருந்தது. காரை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போனேன். கடைக்காரர் பாவம், நல்ல பிள்ளை. பின்னால் குப்பையாக இருக்கிறது, எடுத்துவிடு என்று தலைவர் சொன்னாராம். குப்பையாம். அந்த அண்டாவில் வெந்ததை வயிறு முட்டத் தின்றுவிட்டுச் சொன்ன வார்த்தை.

"கோவப்படாதீங்க அக்கா, ஒண்ணும் அழிஞ்சி போகல லா" என்று கணினியைத் திறந்தார். அந்த மென்பொருள் ஒரிஜினலைத் தொடவே தொடாதாம். எதை எடுத்தோம், எங்கே வெளுப்பாக்கினோம் என்பதை மட்டும் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டு, அதைப் படத்தின் மேல் போட்டுக் காட்டுமாம். குறிப்பை நீக்கினால் பழையது அப்படியே வந்துவிடும். ஒரு பட்டனைத் தட்டினார். தலைவருக்கும் பொருளாளருக்கும் நடுவே, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கை வரை கரியோடு அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரருக்கு நிம்மதி. எனக்குத்தான் ஆத்திரம் இரண்டு மடங்கானது. இந்தப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்து என்ன பிரயோசனம்? ஊரில் வீட்டுக்கு வீடு கிடப்பது அந்த வெறும் சுவர்தானே.

"இப்ப இவங்க எல்லாரையும் எடுத்துடுங்க தம்பி" என்றேன்.

அவர் திகைத்தார். "தலைவரையுமா அக்கா?"

"ஒரிஜினல் பத்திரமாத்தானே இருக்கும்?"

அம்மாவும் அண்டாவும் மட்டும் மிஞ்சிய படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் மாட்டி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தலைவர் எங்கடி?" என்றார். "இங்கதானே நின்னாங்க, பாவம்."

மலர் வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. பின்னால் அண்டா தேய்த்தவர் எங்கே என்று அந்தக் குழுவில் ஒருவர்கூட இன்னும் கேட்கவில்லை.