தேனீ வகுப்பில் நான் எழும்பிப் போன பத்து நிமிடம்

பூவரசங்குளத்துப் பொதுமண்டபத்தில் தேனீ வளர்ப்பு வகுப்பு நடந்தபோது, எனக்குப் பக்கத்துக் கதிரையில் சம்பந்தியம்மா இருந்தார். அவருடைய மகளை என் மகனுக்குப் பேசி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருக்கு முன்னால் தண்ணீரைக்கூடச் சத்தமில்லாமல் குடிக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

வகுப்பெடுத்த பிள்ளை கெட்டிக்காரி. ராணி போனால் கூட்டமே பின்னால் போய்விடும் என்றாள். வேலைக்காரத் தேனீ நுழையும், உடம்பு பெருத்த ராணி நுழையாது. அந்த அளவில் துளை போட்ட தகட்டைப் பெட்டி வாசலில் பூட்டினால் பயமில்லை என்றாள். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். பிறகு, "இனி ராணி ஆண் தேனீக்களோடை சேருறதைப் பற்றிப் பாப்பம்" என்றாள். சம்பந்தியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். எனக்குக் காது சுட்டது. எழும்பிப் போய் வெளியே ஆறுதலாக இரண்டு கோப்பை பிளேன்ரீ குடித்தேன்.

வகுப்பு முடிவில் எனக்குக் கிடைத்த பெட்டியில் ராணி இன்னும் பிறக்கவில்லை. பிறந்த அன்றே தகட்டைப் பூட்டிவிட்டு, என் பெட்டியிலிருந்து ஒருத்தியும் ஓடமாட்டாள் என்று மனைவியிடம் மீசையை முறுக்கினேன்.

ஒன்றரை மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் உள்ளே முழுக்கத் தடியன்கள். பெரிய கண், பெருத்த உடம்பு, கொட்டுவதற்குக் கொடுக்குக்கூட இல்லாத ஆண் தேனீக்கள். தேன் குடிப்பதும் உலாத்துவதும்தான் அவர்களுக்கு உத்தியோகம். வேலைக்காரிகளோ நாளுக்கு நாள் குறைந்தார்கள். அவர்களுக்கு ஆறு வாரம்போலத்தான் ஆயுள். புதிதாக ஒருத்தியும் பிறக்கவில்லை. பெட்டி என் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தது.

காரணம் நான் கேட்காத அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்க வேண்டும். வகுப்பெடுத்த பிள்ளை ஊர் திரும்பிவிட்டாள்; கேட்கக்கூடிய ஒரே ஆள் சம்பந்தியம்மா. வவுனியா போகும் பஸ்ஸில் அவரைக் கண்டேன். அவர் பின் சீற்றில், நான் நடுவில் கம்பியில் தொங்கியபடி. தலையைக் குனிந்துகொண்டு, "என்ரை பெட்டியிலை ஆம்பிளையள்தான் பிறக்குது" என்றேன்.

பஸ்ஸில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. "என்ன? கேக்கேல்லை!" என்றார்.

இன்னொரு முறை சொன்னேன்.

"தகடு போட்டனீங்களோ?"

"ஓம், பிறந்த அண்டே."

"ஐயோ, நாசமாப் போச்சு! குமரைப் பூட்டி வைச்சா எப்பிடிச் சேருறது? அவா பறந்து போய், வானத்திலை பத்துப் பதினைஞ்சு ஆம்பிளையளோடை சேந்திட்டு வரவேணும்! சேராத ராணியின்ரை முட்டையிலை ஆம்பிளை மட்டும்தான் பொரிக்கும்!"

சாரதி பாட்டை நிறுத்தினார்.

"பத்துப் பதினைஞ்சோ அம்மா?" என்றார் கொண்டக்டர்.

"ஓம் தம்பி."

"பிறகு அந்த மாப்பிளைமார்?"

"அந்த இடத்திலேயே செத்து விழுவினம்."

பஸ்ஸில் இருந்த ஆண்கள் எல்லோரும் யன்னல் பக்கம் திரும்பினார்கள்.

அன்று பின்னேரமே சம்பந்தியம்மா தன் பெட்டியிலிருந்து, முட்டையும் சின்னப் புழுவும் உள்ள அடைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். "பழைய ராணி இருந்தா இந்த வேலைக்காரியள் புதுசா ஒண்டை வளக்கமாட்டாளவை" என்று சொல்லி, என் ராணியை இரண்டு விரலுக்கிடையில் நசித்தார். அந்தச் சீவனில் ஒரு பிழையும் இல்லை. வெட்கப்பட்டு எழும்பிப் போய் அதைக் கொன்றவன் நான்.

மிச்சமிருந்த வேலைக்காரிகள் சாதாரணப் புழு ஒன்றுக்குத் தங்கள் தலையில் சுரக்கும் பாலை மட்டுமே ஊட்டி ராணியாக்கினார்கள். அது பிறந்ததும் தகட்டைக் கழற்றி வேலிக்கு அப்பால் எறிந்தேன். ஐந்தாம் நாளிலிருந்து மத்தியானம் முழுக்கப் பெட்டியடியில் தகர டின்னைத் தட்டியபடி காவல். மின்கம்பியில் பஞ்சுருட்டான் குருவிகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்குத் தேனீ என்றால் உயிர். ஒரு நாள் ராணி வாசலில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டுப் பறந்தாள். இவளும் போய்விட்டால் பெட்டி முடிந்தது. கால் மணி நேரம் கழித்து வந்து இறங்கினாள். வால் நுனியில் வெள்ளையாக ஒரு நூல். சேர்ந்ததற்கு அதுதான் அடையாளம் என்று சம்பந்தியம்மா சொல்லியிருந்தார்.

"வந்திட்டாள்! சேந்திட்டாள்!" என்று டின்னைத் தட்டிக் கத்தினேன்.

குசினியிலிருந்து ஓடிவந்த மனைவி, "கடவுளே, மெல்லக் கதையுங்கோ, அயலட்டை கேக்கும்" என்றாள்.

"கேக்கட்டுமப்பா! எத்தினை பேரோடை எண்டு கேட்டாலும் சொல்லுவன்!"