கவிழ்த்துத் தைத்த பெயர்

கும்மிடிப்பூண்டி ரயிலடிக்குப் பின்னால் இருந்த தையல் ஷெட்டில் கன்னியம்மாவுக்கு ஒரே வேலைதான். வெளிநாட்டுக்குப் போகும் சட்டைகளின் கழுத்தில் லேபிள் தைப்பது. லேபிளைக் கவிழ்த்து வைத்து, மேல் ஓரத்தில் ஒரு தையல் ஓட்டி, அப்படியே அடுத்த மிஷினுக்குத் தள்ளிவிட வேண்டும். மூன்று வருஷத்தில் எத்தனை ஆயிரம் கழுத்துகளோ! அவை எந்த ஊருக்குப் போகின்றன என்பது அவளுக்குத் தெரியாது. பழவேற்காட்டு ஏரியில் வலையில் இறால் விழாத வருஷம் வேலைக்கு வந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது.

1972, ஆடி மாதம். ஏழு மாத வயிற்றோடு மிஷினில் உட்கார்ந்திருந்தவளிடம் மேனேஜர் வந்தார்.

"நாளையிலிருந்து வராதே. இந்த வயிற்றோடு நீ என்ன வேலை செய்யப் போகிறாய்?"

கன்னியம்மா எழுந்தாள். அந்த நொடியில் பக்கத்து மிஷின் நின்றது. காலர் தைக்கும் மேரியின் மிஷின். பிறகு அடுத்தது. அதற்கடுத்தது. பதினொரு பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்கள்! சாயங்காலமே பன்னிரண்டு பேரையும் வெளியே அனுப்பிக் கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

வீடு திரும்பும் ரயில் பெட்டியில் கன்னியம்மா வாய்விட்டு அழுதாள். "என் ஒருத்தியால உங்க எல்லார் அடுப்பும் அணைஞ்சுபோச்சே!"

"வாய மூடுமே," என்று மேரி அதட்டினாள். "உன் மூஞ்சிக்காகவா எந்திரிச்சோம்? நாளைக்கு எங்க வயிறும்தான் பெருசாவும். இப்பிடி அழுதுக்கினே இருந்தீன்னா, புள்ள மூஞ்சூறு மாதிரி பொறக்கும்."

ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் யேசுதாஸ் வந்தார். மில் தொழிலாளி, கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவர்.

"நம்மள மாதிரி நெய்யறவங்க, தைக்கிறவங்க உலகம் பூரா ஒண்ணா சேந்து ஒரு சம்மேளனம் வெச்சிகீறாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி தோலு, ஷூ தைக்கிறவங்களும் அதுல சேந்துட்டாங்க. அவங்களுக்கு எழுதலாம். ஆனா சட்டை எந்தக் கடைக்குப் போவுதுன்னு சொல்லணும். சொன்னா, அந்த ஊரு சங்கத்துக்காரங்களே கடைக்காரன்கிட்ட போய்க் கேப்பாங்க."

கடையின் பெயர் யாருக்குத் தெரியும்? லேபிள்கள் மேனேஜரின் பீரோவில். கேட்டில் தினமும் சோதனை, ஒன்றுகூட வெளியே வந்ததில்லை. பன்னிரண்டு பேரில் ஒருத்திக்கும் இங்கிலீஷ் தெரியாது.

"படிக்கத் தெரியாதுண்ணா," என்றாள் கன்னியம்மா. "ஆனா கண்ணுல அப்பிடியே நிக்குது."

ஒரு வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால், கோடு கோடாக, வளைவு வளைவாகத் தைத்துக் காட்டினாள். யேசுதாஸ் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இன்னாம்மா இது? ரெண்டு எழுத்து தெரியறாப்பல கீது. மத்ததெல்லாம் எந்த ஊரு பாஷை?"

"தெனம் பாத்ததுண்ணா. ஒரு கோடு மாறல."

"வெள்ளைக்காரங்ககிட்ட எத்தினியோ பாஷை கீது," என்றாள் மேரி. "உனக்குத் தெரிஞ்சது ஒண்ணு. அனுப்புண்ணா, சும்மா."

துணி கடல் தாண்டிப் போயிற்று. ஆவணி போயிற்று, பதில் இல்லை. மேரியும் மற்றவர்களும் நாற்று நடப் போனார்கள். புரட்டாசியில் கன்னியம்மாவுக்குப் பெண் பிறந்தது. பதினொரு பேரும் பார்க்க வந்தார்கள். ஒருத்தி முகத்திலும் கசப்பு இல்லை. அதுவே அவள் நெஞ்சை அறுத்தது.

ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு யேசுதாஸ் ஓடிவந்தார். சட்டைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்துத் தமிழில் சொன்னார்.

'உங்கள் துணி வந்தது. அலுவலகத்தில் யாருக்கும் புரியவில்லை. தூக்கிப்போட இருந்தோம். எங்களிடம் டைப் அடிக்கும் பெண் முன்பு தையல் மிஷினில் உட்கார்ந்தவள். அவள்தான் சொன்னாள், இது லேபிளின் முதுகு, எழுத்தெல்லாம் இடம்வலம் மாறியிருக்கிறது, தைக்கிறவள் கண்ணுக்கு அதுதான் தெரியும் என்று. கண்ணாடி முன்னால் பிடித்தாள். பெயரைப் படித்துவிட்டோம்.'

கன்னியம்மா திகைத்துப் போனாள். மூன்று வருஷமாக அவள் பார்த்ததெல்லாம் முதுகுதானா!

அந்தக் கடை இருந்த ஊர்த் தொழிலாளிகள் கடைக்காரரிடம் கூட்டமாகப் போனார்களாம். பன்னிரண்டு பேரையும் திரும்பச் சேர்க்கும்வரை ஒரு சட்டையும் வாங்கமாட்டோம் என்று கடை தந்தி அடித்துவிட்டதாம். முகம் தெரியாத மனிதர்கள்! இவள் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள்! கன்னியம்மா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தேம்பினாள். இந்த முறை மேரி அதட்டவில்லை. அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

கார்த்திகை முதல் வாரம் கேட் திறந்தது. கன்னியம்மாவின் கணவன் ஆதிகேசவன் குழந்தையோடு வெளியே நிற்க, பன்னிரண்டு பேரும் ஒன்றாக உள்ளே போனார்கள். மேனேஜர் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

கன்னியம்மா முதல் லேபிளை எடுத்தாள். முதன்முறையாக நிமிர்த்திப் பார்த்தாள்.

"மேரி, கண்ணாடி புடிச்ச அந்தப் பொண்ணு பேரு லெட்டர்ல போட்டிருந்துதா?"

"இல்லியே."

மடியிலிருந்து சிவப்பு நூல் கோத்த கையூசியை எடுத்து, லேபிளின் முதுகில் சின்னதாக ஒரு தையல் போட்டாள்.

"இன்னாமே பண்ற? செக்கிங்ல மாட்டப் போற!"

"திருப்பிப் பாத்தாத்தான் தெரியும்."

"எவ திருப்பிப் பாக்கப் போறா?"

"ஒருத்தி பாத்தாளே," என்றாள் கன்னியம்மா. லேபிளைக் கவிழ்த்து வைத்து மிஷினை மிதித்தாள்.