பூஞ்சணத்தைப் படம் எடுக்கப் போன கதை

இடிந்த சுவரைப் படம் எடுக்கிறவன் சுவருக்குப் பயப்படத் தேவையில்லை, "ஏன் எடுக்கிறீர்?" என்று கேட்கிறவர்களுக்குத்தான் பயப்பட வேண்டும், மொன்றியலில் கமராவும் கையுமாக அலைகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு ஞாயிறுகளில் கல்யாண வீடுகள், மற்ற நாட்களில் பாழடைந்த கட்டடங்கள். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

சந்தைக்குப் பின்னால்

ஜான்-டலோன் சந்தைக்குப் பின்னால், பூட்டிக் கிடந்த கடையொன்றின் துருப்பிடித்த கதவுக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். தக்காளிப் பெட்டியோடு வந்த எங்கள் தமிழ் ஆள் ஒருவர் கதவைப் பார்த்தார், கமராவைப் பார்த்தார், பெட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னையும் பார்த்தார்.

"தம்பி, அங்கால வடிவான பூக்கடை இருக்கு. வழி தெரியாமலோ இதில நிக்கிறீர்?"

லாசாலில் ஓர் அழைப்பு

ஒரு புதன்கிழமை, லாசாலில் சுவரெல்லாம் வெடிப்பு விட்ட அடுக்குமாடியொன்றை எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாடியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். பெயர் பவளம் அக்கா. மகளின் அறைச் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம், பிள்ளைக்கு இழுப்பு. வீட்டுச் சொந்தக்காரர் எட்டியும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை வாடகைத் தகராறு மன்றத்தில் விசாரணை, அங்கே காட்டப் படம் வேண்டும். தன் போனில் எடுத்ததெல்லாம் இருட்டாக விழுந்துவிட்டதாம்.

என் பாழ்ச்சுவர்ப் படம் ஒருவருக்குத் தேவைப்பட்டது அதுதான் முதல் தடவை. ஒரே சந்தோஷத்தில் படியேறினேன். வாசலிலேயே மறித்துவிட்டார்.

"இப்ப வேண்டாம் தம்பி. வீடு கிடக்கிற கிடையில ஆரையும் உள்ள விடேலாது. நாளைக்கு வாங்கோ."

மறுநாள்

போனால் சாம்பிராணி வாசம். சுவர் பால் வெள்ளை. விடியவே எழும்பி பிளீச் போட்டு உரஞ்சியிருக்கிறார். மூலையில் பிளாஸ்டிக் ரோசாப்பூ வேறு.

"அக்கா, பூஞ்சணம் எங்கே?" என்றேன். அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை, எனக்கு அவர் வேலை விளங்கவில்லை.

"படம் எடுக்க ஆள் வருகுது எண்டு தெரிஞ்சும் சுவரை ஊத்தையா விடுறதோ?"

ஞாயிற்றுக்கிழமை

பூஞ்சணம் இல்லாவிட்டால் விசாரணையில் காட்ட ஒன்றுமில்லை என்று விளங்கியபோது அவர் முகம் செத்துப்போனது. பிறகு இரண்டு நாள் விடாமல் மழை. ஞாயிறு மத்தியானம் கல்யாண வீட்டுப் பந்தியில் நிற்கும்போது போன் வந்தது: "தம்பி, வந்திட்டுது! ஓடி வாங்கோ!"

ஓடினேன். சுவர் மறுபடி கறுத்திருந்தது. அளவு தெரியட்டும் என்று பிள்ளையைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன்.

"கொஞ்சம் பொறுங்கோ, பிள்ளைக்குத் தலை இழுத்துப் பொட்டு வைச்சிட்டு வாறன்."

பூஞ்சணத்துக்குப் பக்கத்தில் பொட்டோடு சிரிக்கும் அந்தப் பிள்ளையைப் பார்த்து விசாரித்தவர் என்ன நினைத்தாரோ தெரியாது, சுவரை உடைத்துக் கட்டிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்; நான் எடுத்தது பாழ்ச்சுவர்ப் படமா கல்யாணப் படமா என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.