இன்ஆமின் குடைகம்பி

இன்ஆம் கூஸா குடைந்துகொண்டிருக்கிறாள். சாண் நீளம்கூட வராத வெளிர்ப்பச்சைச் சுரைப்பிஞ்சு அது. இடக்கையில் பிஞ்சு, வலக்கையில் மரப்பிடி போட்ட பழைய இரும்புக் குடைகம்பி. கம்பி அசையாது; பிஞ்சுதான் சுழலும். சதை ஒரே சுருளாக மடியிலிருக்கும் தட்டில் விழும். அந்தக் குழிக்குள் அரிசியும் கறியும் போகவேண்டும் என்பதால் தோல் கிழியக்கூடாது. அவள் கையில் கிழிந்ததில்லை. விருந்தாளிகள் கையில் கிழியாமல் இருந்ததில்லை.

"கம்பியைத் திருகாதம்மா, காயைத் திருகு. காய் குடையறியா, காது குடையறியா?" என்பாள். ஓட்டை விழுந்த காயைத் தனியாக வைத்து, சமைத்தபின் ஓட்டை போட்டவர் தட்டிலேயே மறக்காமல் வைப்பாள்.

பெத்லகேமை ஒட்டிய தஹைஷே அகதி முகாமில், மூன்றாவது சந்தின் முனையில் அவள் வீடு. வயது ஐம்பத்தைந்து. குழாயில் தண்ணீர் வரும் நாளில் பூச்சாடி வரை நிரப்பிவிட்டுத்தான் உட்காருவாள். கண்ணாடியை ரொட்டிக் கூடையில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுவாள். எந்தச் சோதனைச் சாவடி மூடியிருக்கிறது என்று வானொலியில் கேட்டு, கல்லறுக்கும் பட்டறையிலிருந்து கணவர் வந்துசேரும் நேரத்தை ஊகித்து அடுப்பு பற்றவைப்பாள். பெரும்பாலும் சோறு சூடாகவே இருக்கும். தன்னைவிடச் சின்னவர்கள் யாரானாலும் "யம்மா" என்றுதான் கூப்பிடுவாள். நாம் மூன்று வயதுப் பெண்ணை "வாம்மா" என்பதில்லையா, அதுபோல. தாடி வைத்த ஜெர்மன்காரன் ஒருவனையும் அப்படிக் கூப்பிட்டாள். "உன்னைத் தன் தாய் என்கிறாள்" என்று மஹ்தி மொழிபெயர்க்க, அந்தப் பிள்ளை சாப்பிட்டு முடிக்கும்வரை குழப்பத்திலேயே இருந்தான்.

மஹ்தி அவள் கொழுந்தன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு முகாமைச் சுற்றிக் காட்டுவது அவன் தொழில். சுவர்ச் சித்திரங்கள், பள்ளிக்கூடம், குண்டு துளைத்த கதவுகள் எல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் அண்ணி வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைத்து வருவான். இளமையில் சிறையிலிருந்தவன், ஆங்கிலம் அங்கேதான் கற்றான். சிரிக்கக் கற்றுக்கொள்ள அங்கே வாய்ப்பில்லை.

இன்ஆம் வாசலில் நின்று, "நீங்க கால் வெச்சதும் வீட்டுக்கே வெளிச்சம் வந்துடுச்சு, விளக்கை அணைச்சுடலாம், மின்சாரமாவது மிச்சம்" என்று வரவேற்பாள். மஹ்தி அதை ஒரே சொல்லில் முடிப்பான். அவள் சொன்னதன் நீளமும் அவன் சொன்னதன் நீளமும் பொருந்தவில்லை என்று அவளுக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. அது வலுத்தது சாவி விஷயத்தில்.

கூடத்துச் சுவரில் ஓர் ஆணியில் பெரிய இரும்புச் சாவி தொங்கும். நாற்பத்தெட்டுப் போரில் ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களில் பலர், திரும்பிவிடுவோம் என்று வீட்டுச் சாவியைக் கையோடு கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டு உம் நிமிர் இன்றும் தன் மாமனார் சாவியைத் தலையணைக்கடியில்தான் வைத்திருக்கிறாள். ஆனால் இன்ஆம் வீட்டில் தொங்குவது மஹ்தி பெத்லகேம் சந்தையில் வாங்கியது.

"எங்க மாமியார் ஸப்ஹா சாவி கொண்டுவரலம்மா. அவ ஊரு ஸக்கரிய்யால அன்னிக்கு கூஸா குடைஞ்சுட்டு இருந்தா. ஓடுங்கன்னு சத்தம் கேட்டதும் கையில இருந்ததை இடுப்புல சொருகிட்டுப் புள்ளையைத் தூக்கிட்டு ஓடினா. சாவி கதவுலயே நின்னுடுச்சு. இதோ, இதான் அந்தக் குடைகம்பி." ஒவ்வொரு கூட்டத்துக்கும் இன்ஆம் இதைச் சொல்வாள். ஒவ்வொரு கூட்டமும் கம்பியை விட்டுவிட்டுச் சாவியைப் படமெடுக்கும்.

ஒருநாள் நேரடியாகவே கேட்டாள். "நான் சொல்றதைத்தான் சொல்றியா நீ?"

"சாராம்சத்தைச் சொல்றேன் அண்ணி."

"சாராம்சத்துல உங்கம்மா இருக்காளா?"

"கம்பியைக் காட்டினா சிரிப்பாங்க. சிரிச்சுட்டா அப்புறம் நம்மளை யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க."

"சிரிக்கட்டுமே. உங்கம்மா என்கிட்ட இருபது வருஷத்துல ஒரு நல்ல வார்த்தை பேசினதில்ல. அவளுக்காக நான் பேசறேன், நீ மகன், சந்தைச் சாவிக்காகப் பேசறே." மஹ்தி தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். ஆங்கிலம் தெரியாதவள் அதற்குமேல் என்ன செய்ய முடியும்? தன் வீட்டில், தன் வாயால் சொல்லியும், ஸப்ஹாவின் கதை வாசல் தாண்டவில்லை என்பதுதான் அவளை அரித்தது.

போன வியாழக்கிழமை சிலியிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். அதில் ஹிமேனா ஹண்டல் என்று ஒரு பருத்த பெண்மணி. அவள் தாத்தா இங்கே பக்கத்து ஊரான பெய்த் ஜாலாவிலிருந்து சிலிக்குப் போனவர். அரபு தெரியுமா என்று மஹ்தி வழியில் கேட்டதற்குத் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னாளாம். பொய்யில்லை. தாத்தா வீட்டுச் சமையலறையில் காதில் விழுந்த சாப்பாட்டுப் பெயர்களும் வசவுகளும் மட்டுமே அவளிடம் மிச்சமிருந்தன.

இன்ஆம் வழக்கம்போலக் கதையைத் தொடங்கினாள். கூஸா, குடைகம்பி, இடுப்பு என்று வந்ததும் ஹிமேனா வாய்விட்டுச் சிரித்தாள். மஹ்தி இன்னும் வாயே திறக்கவில்லை. பிறகு அவன் திறந்து, சுவரைக் காட்டி, கனத்த குரலில் ஏதோ சொன்னான். ஹிமேனாவின் முகம் சுருங்கியது. இன்ஆம் பக்கம் திரும்பி, இருக்கிற சொற்களைப் பொறுக்கிச் சேர்த்துக் கேட்டாள்.

"நீ சொன்னது கம்பி. அவன் சொல்றது சாவி. ஏன்? கழுதையா அவன்?"

இன்ஆமுக்கு அரை நொடிதான் ஆனது. "கழுதை இல்லம்மா, என் கொழுந்தன். நீ இப்படி வா, பக்கத்துல உக்காரு."

அதன்பிறகு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. ஹிமேனாவுக்குத் தெரிந்தது சமையல் சொற்கள். ஸப்ஹாவின் கதையில் இருந்ததும் பெரும்பாலும் அவைதான். சொல் எட்டாத இடத்தில் இன்ஆமின் கைகள் பேசின. முகாமுக்கு வந்த புதிதில் ஸப்ஹா கூடாரத்து முளைக்குக் கம்பியால் குழி பறித்ததைக் காட்டினாள். மலைச்சரிவில் கீரை தோண்டியதைக் காட்டினாள். ரொட்டி வரிசையில் முந்தப் பார்த்த ஆளின் தொப்பையில் கம்பி முனையை வைத்து நின்ற ஸப்ஹாவாகவே நின்றாள். "சாவியை வெச்சுக் கீரை தோண்ட முடியுமாம்மா?" ஹிமேனா அதைத் தன் கூட்டத்துக்கு ஸ்பானிஷில் அள்ளி வீச, கூடம் சிரிப்பில் குலுங்கியது. "ஊருக்குத் திரும்பினதும் மிச்சக் காயைக் குடையணும்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தா. பாதிலதானே விட்டுட்டு வந்தா" என்றபோது சிரிப்பு தானாக நின்றது. ஒரு கிழவர் எழுந்து வந்து, கம்பியைக் கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று சைகையால் கேட்டார். பார்த்தார், ஒரு கூஸாவை எடுத்துக் குடைந்தார், ஓட்டை போட்டார். எல்லாரும் முறை கேட்டார்கள். கம்பியைத்தான் படமெடுத்தார்கள். சாவிப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

மஹ்தி மூலையில் நின்று தன் அம்மாவின் கதையை முதல்முறை கேட்பவன்போலக் கேட்டுக்கொண்டிருந்தான். ரொட்டி வரிசைக் கட்டத்தில் அவன் மீசை அசைந்ததை இன்ஆம் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

காய்களில் அரிசி அடைத்து முடிந்ததும் அவன் அருகில் வந்து தணிந்த குரலில் கேட்டான். "அடுத்த வாரம் பிரான்ஸ்காரங்க வர்றாங்க அண்ணி. சாவி எங்கேன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

இன்ஆம் ஆணியிலிருந்து சாவியைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். காய் நிறைந்த பானையைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. குடைகம்பியை இடுப்பில் சொருகிக்கொண்டு, பானையோடு அடுக்களைக்குள் போனாள்.