ஏகமனதாக நிறைவேறியது

எங்க சங்கத்து மினிட் நோட்டுல ‘ஏகமனதாக நிறைவேறியது’ங்கிற வரி எத்தனையோ எடத்துல இருக்கு. எல்லாம் என் கையெழுத்துதான். போடியிலயும் சுத்துப்பட்டு ஊருகள்லயும் சின்னதா ரத்தப் பரிசோதனை லேப் வச்சிருக்கிறவங்க சங்கம் அது. நாந்தான் செயலாளர். பெரிய தகுதியெல்லாம் கெடையாது. எழுத்து முத்துமுத்தா இருக்குன்னு நோட்டை என் தலையில கட்டிட்டாங்க.

கொரோனாவுக்கு முன்னாடி மாசத்துல ரெண்டாவது ஞாயிறு ஒரு ஹோட்டல் மாடியில கூடுவோம். தலைவர் தீர்மானத்தைப் படிப்பாரு, எல்லாரும் மேசையைத் தட்டுவோம், உளுந்தவடை வரும். பிடிக்காதவங்க தட்டாம ஒக்காந்திருந்தா மூஞ்சியே காட்டிக்குடுத்துரும். "என்ன மாப்ளே, வாயில கொழுக்கட்டையா?"ன்னு யாராச்சும் கேட்டுருவாங்க. அப்புறம் அரைமணி நேரம் சண்டை நடக்கும். சண்டை போட்டவங்களே ஒரே பைக்குல வீட்டுக்குப் போவாங்க.

ரெண்டாவது அலையில கூட்டம் செல்போனுக்கு வந்துருச்சு. அப்ப ஊருக்குள்ள எங்களைப் பத்தி ஒரே பேச்சு, பயந்துக்கிட்டு லேப்பைப் பூட்டுறாங்கன்னு. தலைவருக்கு ரோசம் வந்துருச்சு. சொல்லாமக் கொள்ளாமப் பூட்டினவங்களைச் சங்கத்துல இருந்து நீக்கணும்னு தீர்மானம் கொண்டுவந்தாரு. பூட்டினது ஒரே ஒருத்தர். மேல மலையில, போடிமெட்டுப் பக்கம் ஏலக்காத் தோட்டத்து ஆளுகளுக்காக லேப் வச்சிருந்த ஒரு அண்ணன்.

அவரு ஏன் பூட்டினாருன்னு அந்தக் கூட்டத்துல எனக்கு மட்டுந்தான் தெரியும். ரெண்டு நாளைக்கு முன்னாடி போன் பண்ணியிருந்தாரு. "தங்கச்சி, வீட்ல அவளுக்கு வந்துருச்சு. வெளிய சொல்லிறாத. தெரிஞ்சா ஒருத்தனும் பக்கத்துல வரமாட்டான்"னாரு. நானும் சரின்னேன்.

"ஆட்சேபணை இருந்தா மைக்கைத் தொறந்து சொல்லுங்க"ன்னாரு தலைவர். தொறந்தேன். அந்நேரம் பாத்து அடுப்புல குக்கர் விசிலடிச்சது. "யாரு வீட்டுச் சாம்பாரு?"ன்னு ஒருத்தர் கேக்க, எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டு மைக்கை மூடிட்டேன். திரும்பத் தொறக்கல.

குடுத்த வாக்கைக் காப்பாத்தினேன்னு பின்னாடி எனக்கு நானே சொல்லிப் பாத்தேன். பொய். ‘அவரு வீட்ல ஏதோ சோலி, ஒரு வாரம் பொறுங்க’ன்னு மொட்டையா சொல்லியிருக்கலாம்ல. காலையில இருந்து அந்தக் கவச உடுப்புக்குள்ள வெந்துக்கிட்டு, எத்தனை பேரு மூக்குல குச்சி விட்டேன்னே தெரியாது. கூட்டம் வெரசா முடிஞ்சாப் போதும், ரெண்டு வாய் தின்னுட்டுப் படுக்கணும். அம்புட்டுத்தான் காரணம். நோட்டுல ‘ஏகமனதாக’ன்னு எழுதிட்டுச் சாப்பிட ஒக்காந்தேன்.

மூணாவது வாரம் அவரு சம்சாரம் இறந்துட்டாங்கன்னு சேதி வந்துச்சு. எனக்கு அழுகை வரல. அன்னைக்கும் லேப்பைத் தொறந்தேன், மறுநாளும் தொறந்தேன். மனசு மரக்கட்டையாப் போயிருந்துச்சு.

கொரோனா ஓஞ்சு, மறுபடி ஹோட்டல் மாடியில கூட்டம் போட்டா எட்டே பேரு வந்தோம். மத்தவங்க, "போன்லயே வச்சிருங்களேன், சோலியைப் பாத்துக்கிட்டே கேட்டுக்கிறோம்"ன்னாங்க. போன்ல வச்சா பேரு இருக்கும், ஆளு இருக்காது. சிலரு லேப்பை மூடிட்டு, பெரிய கம்பெனிகளுக்கு வீடுவீடா ரத்தம் எடுத்துக் குடுக்கிற வேலைக்குப் போயிட்டாங்க. ஒரு மாசம் நேர்ல, ஒரு மாசம் போன்லன்னு மாத்தி வச்சுப் பாத்தோம். விட்டுப்போனவங்களை வீடு தேடிப்போய்க் கூப்பிடுறதுன்னும் முடிவாச்சு. நீக்கின அண்ணனையும் திரும்பச் சேத்துக்கலாம்னு, அவரு கையெழுத்துப் போடவேண்டிய படிவம் என் கைக்கு வந்தது. "உனக்குத்தாம்மா நல்லாப் பழக்கம்"ன்னாரு தலைவர்.

போடிமெட்டு பஸ்சு கெளம்பி ஒரு ஏலக்கா கடையைத் தாண்டுறப்ப, "வாசம் ஆளைத் தூக்குது"ன்னாங்க பக்கத்துல இருந்த அம்மா. எனக்கும் கொரோனா வந்துட்டுப் போயிருந்துச்சு, அதுல போன வாசம் இன்னும் திரும்பல. ஆமான்னு தலையாட்டி வச்சேன்.

அண்ணன் லேப்பை விட்டுட்டு ஒரு ஏலக்கா ஸ்டோர்ல காய் தரம் பிரிச்சுக்கிட்டு இருந்தாரு. முன்னெல்லாம் ‘வா தங்கச்சி’ன்னு எந்திரிச்சு வருவாரு. அன்னைக்கி, "வாங்க செயலாளரம்மா"ன்னாரு. தண்ணி வேணுமான்னுகூடக் கேக்கல. படிவத்தை நீட்டினேன். வாங்கல.

"அன்னைக்கி நானும் கூட்டத்துல இருந்தேன்"னாரு.

எனக்கு ஒண்ணும் வெளங்கல.

"மக போன்ல, அவ பேருல வந்தேன். சிக்னலுக்காகக் கொண்டை ஊசி வளைவு வரைக்கும் எறங்கிப்போய் நின்னேன். தேனி ஆஸ்பத்திரியில அவளுக்கு ஒரு பெட்டு கெடைக்குமான்னு உங்களையெல்லாம் கேக்கலாம்னு. பாத்தா என்னையே நீக்குறாங்க. சரி, வெவரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் உள்ள இருக்காங்க, சொல்லுவாங்கன்னு நின்னேன். உங்க மைக்கு தொறந்துச்சு. குக்கர் விசில் கேட்டுச்சு. அப்புறம் மூடிருச்சு."

அவரு கை காயைப் பொறுக்கிக்கிட்டே இருந்துச்சு.

"நீங்க பேசியிருக்கலாமேண்ணே"ன்னேன். சீ, என்ன கேள்வி கேட்டேன்!

"நீக்கின பெறகு எந்த வாயாலம்மா கேக்குறது?"

வெறும் படிவத்தோட மலையை விட்டுக் கீழ எறங்கினேன். அன்னைக்கும் அழுகை வரல.

அடுத்த கூட்டத்துல, போன்ல போட்ட தீர்மானங்களையெல்லாம் நேர்ல ஒருதரம் வாசிச்சு உறுதி பண்ணிருவோம்னாங்க. ஒண்ணொண்ணா வாசிச்சேன், மேசையைத் தட்டினாங்க. அந்தத் தீர்மானம் வந்துச்சு. "ஆட்சேபணை இல்லையே?"ன்னாரு தலைவர்.

"எனக்கு இருக்கு"ன்னேன். போன் வந்தது, குக்கர் விசில், வளைவுல அவரு நின்னது, பெட்டு, எல்லாத்தையும் சொன்னேன். "இப்ப எதுக்கும்மா அதைக் கெளறிக்கிட்டு?"ன்னாரு தலைவர். அவரு குரல்ல சுதியே இல்ல. யாரும் மேசையைத் தட்டல. வடை அப்படியே ஆறிக்கெடந்துச்சு.

‘ஏகமனதாக’வை அடிச்சேன். பக்கத்துல ‘செயலாளருக்கு ஆட்சேபணை இருந்தது, சொல்லவில்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறு ஞாயிறு நோட்டைத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போனேன். அண்ணன் கண்ணாடியைத் தொடச்சுப் போட்டு அந்த வரியை ரெண்டு தடவை படிச்சாரு. படிவத்தை அவரு கேக்கல, நானும் எடுக்கல. நோட்டை மூடி என் கையில குடுத்தாரு.

"ரொம்ப லேட்டு, தங்கச்சி"ன்னாரு.

அப்பத்தான் எனக்கு அழுகை வந்துச்சு.