ராமசுப்பு தண்ணீர் கட்டிய மாடிகள்

வானம் கறுத்தால் கோவில்பட்டியில் ஆட்கள் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகளுக்கு நமத்த குச்சியை நினைத்து முகம் சுளிக்கும். உடனே கிணற்றை நினைத்து மலர்ந்துவிடும். ராமசுப்புவுக்கு அந்த இரண்டாவது நினைப்பு வருவதே இல்லை. அவர் கடைக்குள் போய் மின்விசிறியைக் கூட்டி வைப்பார். இடி கேட்காமல் இருக்கத்தான்.

இத்தனைக்கும் மழைதான் அவருக்குச் சோறு போடுகிறது. மெயின் ரோட்டுப் பக்கம் அவர் கடையில் கிடைப்பதெல்லாம் தண்ணீருக்கு எதிரானவை: மாடிக்கு அடிக்கும் வெள்ளைக் கோட்டிங், வெடிப்பை அடைக்கும் பசை, தளத்தில் விரித்து ஒட்டும் தார் ஷீட், சிமெண்டோடு கலக்கும் வாட்டர்புரூப். நல்ல தண்ணீருக்கு வாரக்கணக்கில் காத்திருக்கும் ஊரில் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க மருந்து விற்கிறவரைப் பார்த்து முதலில் எல்லோரும் சிரித்தார்கள். சில வருஷங்களுக்கு முன் மார்கழியில் ஒரு பேய் மழை கொட்டிய பிறகு சிரிப்பு நின்றது, வியாபாரம் பெருகியது. கூடவே ராமசுப்புவின் பயமும் பெருகியது. பொருளை மட்டும் விற்றவரைக்கும் நிம்மதியாக இருந்தார். ஆள் வைத்து வேலையையும் எடுத்துச் செய்யத் தொடங்கியதும், ஊரில் பாதி மாடி அவர் தலைக்கு மேல் வந்துவிட்டது.

கல்யாண வீட்டுக்குப் போனால் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்குமுன் அண்ணாந்து மச்சைப் பார்ப்பார். பேசிக்கொண்டே புறங்கையைச் சுவரில் வைத்து ஈரம் இருக்கிறதா என்று தடவுவார். ஒரு துஷ்டி வீட்டில் நெடுநேரம் அண்ணாந்தபடி இருந்ததைக் கண்டு, செத்தவருக்காக இவ்வளவு உருகுகிறாரே என்று சொந்தக்காரர்கள் நெகிழ்ந்து போனார்கள். அவர் பார்த்தது தளத்தில் மயிர்க்கோடாக ஓடிய ஒரு வெடிப்பு.

அவர் பயத்துக்குக் காரணம் மண். கரிசல் கோடையில் வாய் பிளக்கும், மழையில் ஊதிப் பருக்கும். மேலே நிற்கும் வீடு வருஷத்துக்கு ஒரு தடவையாவது அசைந்து கொடுக்கும். எந்தக் கோட்டிங்கும் இதை மனசில் வைத்துத்தான் அடிக்க வேண்டும். அடித்த பிறகு சோதிக்கவும் ஒரு வழி உண்டு. மாடியில் மழைத்தண்ணீர்க் குழாய்களைத் துணிவைத்து அடைத்து, நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, கைப்பிடிச் சுவரில் கரியால் கோடு போட்டுவிட்டு வர வேண்டும். மறுநாள் தண்ணீர் கோட்டுக்கு ரொம்பக் கீழே போயிருந்தால் எங்கோ ஓட்டை.

எந்த ஊரிலும் செல்லும் சோதனைதான். இங்கே மட்டும் சிக்கல். லாரித் தண்ணீர் மாடியில் சும்மா நிற்கிறது என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் குடத்தோடு ஏறிவிடுவார்கள். பாத்திரம் கழுவ, மாட்டுக்குக் காட்ட. வீட்டுக்காரரும் தடுக்கமாட்டார், தண்ணீர் கேட்டு வந்தவளை விரட்டினால் தெருவில் பிறகு தலைகாட்ட முடியுமா? ஆகவே மறுநாள் கோடு எப்போதும் இறங்கித்தான் இருக்கும். “அள்ளிட்டாளுவோ” என்பார் ராமசுப்பு. கீழே தளம் காய்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார். அதோடு சோதனை முடிந்தது.

கண்ணபிரான் வீட்டில் அந்தப் பார்வைக்கும் வழியில்லாமல் போயிற்று. கண்ணபிரான் சின்னதாகத் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர். மகள் ஜெயப்பிரியாவின் வளைகாப்புக்கு வீடு பளிச்சென்று இருக்கவேண்டும் என்ற அவசரத்தில், மாடி வேலை முடியுமுன்பே கீழே அறைகளுக்கெல்லாம் தளத்தை மறைத்து, ஜிப்சம் பலகையில் பால்சீலிங் என்ற பொய் மச்சு போட்டுவிட்டார். கறை தெரியாதிருக்க, ஈரம் தாங்கும் பெயிண்டும் அதன்மேல் அடித்தார். பெயிண்ட் கொடுத்தவர் ராமசுப்புதான். மாடியில் கட்டிய தண்ணீர் ஒரே நாளில் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. “அள்ளிட்டாளுவோ” என்றார். கண்ணபிரானும் ஆமோதித்தார்.

ஐப்பசியில் ஜெயப்பிரியாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மழையும் பிடித்துக்கொண்டது.

அடைமழை பெய்த ஒரு மத்தியானம், கண்ணபிரான் வீட்டுக்கு அடுத்த காம்பவுண்டில் குடியிருக்கும் வெயிலம்மாள் தார்ப்பாய் வாங்க ராமசுப்பு கடைக்கு வந்தாள். தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தாள்.

“என்ன வெயிலம்மா, கண்ணபிரான் மாடியில நான் கட்டின தண்ணியைப் பூராவும் குடிச்சுத் தீத்தியளே, இப்ப வானம் சும்மா ஊத்துது, போய்ப் பிடிக்கவேண்டியதுதான?”

“யாரு குடிச்சா? அண்ணாச்சிக்கு வாய் ரொம்பத்தான் நீளுது. அன்னைக்கு எங்க தெருவுக்கு நல்ல தண்ணி வந்துட்டுல்லா. அண்டா, குண்டா, வாளி எல்லாம் ரொம்பிக் கெடக்கு, நாங்க எதுக்கு அவிய மாடி ஏறுதோம்?”

“ஒருத்தருமா ஏறல?”

“ஒரு குருவி ஏறல. போதுமா? தார்ப்பாயை வெட்டுங்க, அடுப்பு நனையுது.”

ராமசுப்பு கத்திரிக்கோலைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். அள்ளாத தண்ணீர் எங்கே போயிற்று? வீட்டுக்குள் ஒரு சொட்டும் விழவில்லை. அப்படியானால் தளத்துக்கும் பலகைக்கும் நடுவில் இறங்கியிருக்கிறது. அது அன்றைய தண்ணீர், காய்ந்தும் போயிருக்கலாம். இப்போது பெய்வதும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது. மேற்கு மூலை அறைக்கு மேல், அவர் பசை வைத்து அடைத்த பழைய வெடிப்பு இருக்கிற இடம். அந்த அறையில்தான் பிள்ளை பெற்றவளைப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

தார்ப்பாயைச் சுருளோடு வெயிலம்மாள் கையில் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். அவள் இந்த மனுசனுக்கு என்ன வந்தது என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண்ணபிரான் ஹாலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். “வாரும் வே! இப்பத்தான் உம்மைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன். இந்த அடி அடிக்குது, ஒரு பொட்டு ஒழுகணுமே? வேலைன்னா இது வேலை.”

“அண்ணாச்சி, மூலை ரூம்ல இருந்து பிள்ளையை வெளிய எடுக்கச் சொல்லுங்க.”

“எதுக்கு?”

“மேல தண்ணி நிக்கி.”

“எங்க நிக்கி? மச்சு பால் மாதிரி இருக்கு.”

“அதான் பயமா இருக்கு.”

கண்ணபிரான் சிரித்தார். “ஒழுகினா வந்து பாக்கச் சொல்லி உம்மை நாலு பேரு தேடுதான். ஒழுகாத வீட்டுக்கு நீரா ஓடி வந்து ஒழுகுதுங்கீரு. இன்னொரு கோட்டிங் தள்ளிவிடணுமாக்கும்?”

தன் வேலை கெட்டுப்போயிற்று என்று ராமசுப்பு சொல்ல, இல்லை நன்றாகத்தான் இருக்கிறது என்று வீட்டுக்காரர் வாதாட, இப்படி ஒரு வழக்கு அந்தத் தெருவில் அதற்குமுன் நடந்திருக்காது. உள்ளே போய்ப் பார்த்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. பிள்ளை பெற்ற அறைக்குள் அந்நிய ஆண் நுழைவது வழக்கமில்லை. கண்ணபிரான் மனைவி பொன்மணி அறை வாசலிலேயே நாற்காலி போட்டுக் காவல் இருந்தாள்.

“காலையில இருந்து அழுது இப்பத்தான் கண்ணு அசந்திருக்கான்” என்றாள் அவள். “சத்தம் போடாம பேசுங்க அண்ணாச்சி.”

ராமசுப்பு குரலைத் தாழ்த்தினார். “ஜெயப்பிரியா, தாயி, மேல இருந்து சத்தம் எதுவும் கேக்குதா?”

கதவுக்குள்ளிருந்து பதில் வந்தது. “ஒண்ணும் இல்ல மாமா. பல்லிதான் கத்திக்கிட்டே இருக்கு.”

“மேற்கு மூலையில பல்லி சொல்லுது” என்றாள் பொன்மணி, முகம் மலர்ந்து. “நானும் பஞ்சாங்கத்தில பார்த்தேன். பிள்ளைக்கு நல்லதுன்னுதான் போட்டிருக்கு.”

“எப்ப இருந்து சொல்லுது?”

“மழை பிடிச்சதுல இருந்து. மழை விட்டா அதுவும் சும்மா கெடக்கும்.”

ராமசுப்பு காதைக் கதவுப் பக்கம் சாய்த்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. அறைக்குள்ளிருந்து அது கேட்டது. டொக். கொஞ்சம் பொறுத்து, மறுபடி டொக். பல்லி இவ்வளவு நிதானமாகச் சொல்லாது. கண்ணபிரான் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

“பொன்மணி, எழுந்திரு” என்றார்.

“தூங்குத பிள்ளையை எப்படிங்க…”

“மதினி” என்றார் ராமசுப்பு. “நான் பார்த்த வேலை சரியில்ல. தண்ணியைக் குடத்தில அள்ளிட்டாவன்னு நெனைச்சேன். யாரும் அள்ளல. மூலையில தளம் வெடிச்சிருக்கு. பிள்ளையை எடுங்க. அப்புறம் என்னை என்ன வேணாலும் வையுங்க.”

பொன்மணி எழுந்திருப்பதற்குள் ஜெயப்பிரியாவே குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பச்சை உடம்பு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். ராமசுப்பு ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். பலகைக்குள் விளக்குக்கு வயர் ஓடுகிறது.

மழை இருட்டில் திரும்பிப் பார்த்தால் கண்ணபிரான் ஒட்டடைக் கம்போடு அறைக்குள் நின்றுகொண்டிருந்தார். மனசு நம்பிவிட்டது, மூளைக்கு ஆதாரம் வேண்டியிருந்தது போலும். “எங்க நிக்கின்னு பாப்பமே” என்று கம்பைத் தூக்கினார். அதன் நுனிக்கு மேலே, வழவழவென்றிருந்த வெள்ளை மச்சு தொட்டில் துணி மாதிரி தொய்ந்திருந்தது. கட்டிலில் படுத்துப் பார்க்கிறவளுக்கு அது தெரிந்திருக்காது. வாசலில் இருந்து பார்த்த ராமசுப்புவுக்குத் தெரிந்தது.

வழக்கமாவது ஒன்றாவது. உள்ளே பாய்ந்து கண்ணபிரானின் பனியனைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். பனியன் கிழிந்தது. இருவரும் வாசற்படியில் மல்லாந்து விழுந்தார்கள். பலகை கட்டில்மேல் விழுந்தது. அதன்பின் தண்ணீர், கறுப்பாக, சிமெண்டுக் குப்பையோடு, ஒரு தொட்டி கவிழ்ந்தது போல. குழந்தை கிடந்த இடத்தில், பலகையைத் தாங்கிய கம்பிச் சட்டம் குத்தி நின்றது.

சத்தத்தில் குழந்தை விழித்து வீறிட்டது. யாரும் அதைத் தூங்க வைக்க முயலவில்லை. அழட்டும் என்று கேட்டுக்கொண்டே நின்றார்கள்.

பிறகு ஜெயப்பிரியா மெல்ல அண்ணாந்து ஹாலைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். அதே பலகை, அதே வெள்ளை. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வெளியே கார் நிறுத்தும் தகரக் கொட்டகைக்கு வந்தார்கள். அங்கே பல இடங்களில் ஒழுகியது. ஒழுகாத இடமாகப் பார்த்து நாற்காலி போட்டு ஜெயப்பிரியாவை உட்கார வைத்தார்கள். எங்கே ஒழுகுகிறது என்று கண்ணுக்குத் தெரிகிற கூரைக்கடியில் அவர்களுக்கு மூச்சு வந்தது.

கண்ணபிரான் கிழிந்த பனியனோடு வந்து பக்கத்தில் நின்றார். வைவார் என்று ராமசுப்பு காத்திருந்தார். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஏன் வே” என்றார் கண்ணபிரான், தணிந்த குரலில். “வேற எந்தெந்த வீட்டுலல்லாம் அள்ளிட்டாளுவோன்னு சொன்னீரு?”

ராமசுப்புவுக்கு ஒவ்வொரு தெருவாக மனசில் வந்தது. இலுப்பையூரணிப் பக்கம் ஒரு வீடு, ஸ்டேஷன் பக்கம் இரண்டு, நர்சரிப் பள்ளிக்கு வாடகைக்கு விட்ட, இதேபோல் பலகை அடித்த ஒரு மாடி. இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, மழை லீவா? அது நினைவுக்கு வரவில்லை. தகரத்தில் மழை இன்னும் பலமாக விழுந்தது. அவர் ஸ்கூட்டரைக் காலால் உதைத்தார், அது கிளம்பவில்லை, பள்ளிக்கூடப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே ஓடத் தொடங்கினார்.