ஒன்று என்றால் ஹெட்போன்

அந்த வீட்டில் அவளுக்கு ஊமை என்று பெயர். வக்கீல் ஒருவர் பேசிப் பதிந்து அனுப்பும் மனுக்களைப் பின்னறையில் உட்கார்ந்து டைப் அடிப்பாள். யார் யாரை அடித்தார்கள், யார் யாரை விட்டுப் போனார்கள் எல்லாம் காதுக்குள் போகும். வாய் வழியாக ஒன்றும் வராது. அந்தத் தைரியத்தில்தான் மாடி வீட்டுத் தையல்காரியிடம், "எங்க வக்கீலையே பாரு. என் காதைத் தாண்டாது" என்று சொல்லியிருந்தாள். புருஷன் கை நீட்டுவதால் தையல்காரி வீட்டை விட்டுக் கிளம்ப நாள் பார்ப்பது மாடியில் வேறு யாருக்கும் தெரியாது.

கம்ப்யூட்டர் அண்ணன் கொடுத்த பழசு. அதிலிருந்து நீளமான கேபிள் முன்னறை டிவிக்குப் போகும். மாமியாருக்குப் பாட்டு என்றால் சத்தத்தை டிவிக்கும், வேலை என்றால் ஹெட்போனுக்கும் திருப்ப வேண்டும். அதற்குக் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி அடித்து, கடைசியில் எண்ணைப் போடுவாள். பூஜ்யம் டிவி, ஒன்று ஹெட்போன். "மெஷின் அணைஞ்சு எழுந்தா நம்பர் மாறலாம். முதல்ல எந்த நம்பர் எதுக்குன்னு லிஸ்ட்டைப் பாரு" என்று அண்ணன் சொல்லியிருந்தான். மாதக்கணக்கில் மாறவில்லை; அவளும் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

அன்று காலை கரண்ட் போய் வந்தது. தையல்காரியின் மனு வந்திருந்தது. கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டி, ஒன்று என்று அடித்தாள். சத்தமே இல்லை. வக்கீல் மெதுவாகப் பேசியிருப்பார் என்று கூட்டினாள். இன்னும் கூட்டினாள்.

கதவு படாரென்று திறந்தது.

"அடியே, டிவியில உங்க வக்கீல் கத்துறாரு!" என்றாள் மாமியார்.

ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். "...நான்காம் எண் வீட்டு மாடியில் வசிக்கும் மனுதாரர், தையல் தொழில் செய்பவர், கணவரின் அடி தாங்காமல்..."

கேபிளைப் பிடுங்கிவிட்டு முன்னறைக்கு ஓடினாள். பாட்டுக் கேட்க வந்திருந்த தையல்காரியின் மாமியார் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டியம்மா நிறுத்திட்டே? மிச்சத்தையும் கேட்டிருப்பேனே. ஊமைன்னு பேரு, ஊரைக் கூட்டி மைக் வைக்கிறே! இரு, என் மகனை வரச் சொல்றேன்."

ஊமை அவளைத் தாண்டி, இரண்டிரண்டு படியாக ஏறினாள். மேலே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாம் வெளிய போயிடுச்சு. என்னாலதான். உங்க அத்தை உன் வீட்டுக்காரருக்குப் போன் போடுறாங்க. கட்டிவச்ச பையை எடு."

தையல்காரியின் கால் மிதியில் நின்றது. "உன் காதைத் தாண்டாதுன்னியே?"

ஊமை கட்டிலுக்கு அடியில் குனிந்து பையை இழுத்தாள். கீழே படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது.